கதான்ஸ்க் வாசலில் நின்றவர்

அந்த ஊரின் பெயரை அவர் முன்னால் யாரும் சரியாகச் சொல்லிவிட முடியாது. 'கதான்ஸ்க்' என்றால், "அந்தக் 'க'வ அப்படி அழுத்தப்பிடாதும்மா, பாதி முழுங்கணும்" என்பார். பாதி விழுங்கிச் சொன்னால், "இப்ப 'க'வே கேக்கலையே" என்பார். பல வருடங்களுக்கு முன்னால் ஒரு கருத்தரங்குக்காகப் போலந்து போய், அந்தத் துறைமுக நகரத்தில் நாலைந்து நாள் தங்கிவிட்டு வந்தவர். திரும்பி வந்ததிலிருந்து அவர் அந்த ஊர்க்காரராகிவிட்டார். நாங்கள்தான் வெளியூர்க்காரர்கள்.

பாளையங்கோட்டையில் நான் வேலை பார்த்த கல்லூரியில் அவர் வரலாற்றுத் துறைத் தலைவர்; எங்களுக்கு வெறும் 'சார்'. அரசுச் சம்பளம் வாங்கும் நிரந்தர ஆசிரியர்களின் சங்கத்துக்கும் அவரே தலைவர். நான் சுயநிதிப் பிரிவில் ஆங்கிலம் நடத்தினேன். அதே பாடம், அதே கரும்பலகை, அதே பிள்ளைகள். வேலை மட்டும் நிர்வாகம் நினைக்கிறவரைக்கும்தான். இது போதாதென்று கொக்கிரகுளத்தில் அவர் வீட்டின் கீழ்த்தளத்தில் நானும் என் கணவரும் வாடகைக்குக் குடியிருந்தோம். கல்லூரியில் தப்பித்தால் மாடிப்படியில் பிடித்துக்கொள்வார்.

எப்போதும் வெள்ளை முழுக்கைச் சட்டை. 1980-இல் அந்த ஊர்க் கப்பல் கட்டும் தளத்தில் நடந்த வேலைநிறுத்தத்தின் கதை வருகிறது என்றால் முதலில் பொத்தானைக் கழற்றிக் கையை மடித்துவிடுவார். கதை முடிந்ததும் நிதானமாக இறக்கிப் பொத்தான் போட்டுக்கொள்வார். அவர் வாழ்க்கையில் தொழிலாளர்களுக்காகச் செய்த உடலுழைப்பு அவ்வளவுதான் என்று எங்கள் சுயநிதிப் பிரிவில் மூத்தவரான எஸ்தர் டீச்சர் சொல்வார்கள். எஸ்தர் டீச்சர் சும்மா யாரையும் குறை சொல்கிறவர்கள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாடகர் குழுவில் நிற்கிறவர்கள்.

கதைகளைச் சொல்வதில் அவரை அடிக்க ஆளில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். உலகப் போர் தொடங்கிய முதல் நாளில் அந்த ஊர் அஞ்சலகத்துக்குள் இருந்த போலந்து ஊழியர்கள் ஜெர்மானியர்களை நாள் முழுக்கத் தடுத்து நின்ற கதையை அவர் சொல்லும்போது நமக்கே புகை மணக்கும். கடைசியில் கட்டடத்துக்குத் தீ வைத்துத்தான் அவர்களை வெளியே கொண்டுவர முடிந்ததாம். பிழைத்து வந்தவர்களில் பெரும்பாலோரைப் பிற்பாடு நிறுத்தி வைத்துச் சுட்டார்களாம். "தபால்காரன்ம்மா! தபை ஒட்டுத கை துப்பாக்கி தூக்குச்சு" என்பார். 'தபால் தலை' என்று சொல்ல வந்து உணர்ச்சியில் நாக்குத் தடுக்கும். ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் தடுக்கும்.

ஒருமுறை ஊரில் ஓர் அஞ்சலகத்தில் வரிசையில் நின்றுகொண்டிருந்தோம். எனக்கு முன்னால் அவர், அவருக்கு முன்னால் சேரன்மகாதேவிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர். கவுண்டரில் இருந்த ஆள் பெரியவரின் தாளைத் தூக்கி வெளியே எறிந்து, "நாளைக்கு வாரும்வே, உமக்கு எத்தன மட்டம் சொல்ல" என்றான். குனிந்து தாளை எடுத்த பெரியவர், நிமிரும்போது சாரின் வெள்ளைச் சட்டையையும் கண்ணாடியையும் பார்த்து, "சார், நீங்களாவது கொஞ்சம் சொல்லுங்களேன். ரெண்டு பஸ்ஸு மாறி வந்திருக்கேன்" என்றார்.

சார் என் பக்கம் திரும்பினார். "இந்த மாதிரி ஒரு தபால் ஆபீஸுலதான்ம்மா" என்று ஆரம்பித்தார்.

அவர் பீரங்கி வரைக்கும் வருவதற்குள், பின்னாலிருந்த பூக்காரப் பெண் ஒருத்தி வரிசையை விட்டு முன்னால் போய்க் கவுண்டரில் ஓங்கித் தட்டி, "உங்கய்யா வயசு இருக்கும் அவியளுக்கு. தாள எறியுத?" என்று போட்ட சத்தத்தில் பெரியவரின் வேலை நடந்துவிட்டது. சார் கதையைப் பாதியில் விட வேண்டியதாகிவிட்டது. அதில் அவருக்கு வருத்தம்.

மார்கழி வெள்ளத்தின்போது தாமிரபரணி எங்கள் தெருவுக்குள் வந்தது. காலையில் வாசற்படியைத் தொட்ட தண்ணீர் பால் காய்ச்சி இறக்குவதற்குள் அடுப்படிக்கு வந்துவிட்டது. நானும் என் கணவரும் அரிசியையும் சான்றிதழ்களையும் அள்ளிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் படிக்கட்டைப் பிடித்தோம். மேலே பால்கனியில் சார் நின்றுகொண்டிருந்தார். எங்கள் மெத்தை மிதந்து வெளியே போவதை மூன்று பேரும் பார்த்தோம்.

"போர் முடிஞ்சப்ப அந்த ஊருல பழைய தெருவெல்லாம் கல்லு மேல கல்லு நிக்கல. ஜனங்க செங்கல் செங்கலா எடுத்து அப்படியே பழையபடி கட்டிட்டாங்க. நீங்க என்னத்துக்கு ஒரு மெத்தைக்கு முகத்தத் தொங்கப் போடுதிய?" என்றார்.

அவர் மனைவி உள்ளேயிருந்து வந்து, "ஈரத்தோட நிக்காவ, கதை சொல்லுத நேரத்தப் பாரு. உள்ள வாங்கம்மா" என்று என் கையிலிருந்த மூட்டையை வாங்கிக்கொண்டார்கள். அந்த வீட்டில் யாருக்காவது ஏதாவது நல்லது நடந்தது என்றால் அது அந்த அம்மாவால் நடந்தது. தண்ணீர் வடிந்ததும் சேற்றை அள்ள அவர்கள்தான் வாளியோடு கீழே வந்தார்கள். சார் பால்கனியிலிருந்து மேற்பார்வை பார்த்தார்.

இதையெல்லாம் சிரித்துவிட்டுப் போய்விடலாம். நாங்களும் சிரித்துக்கொண்டுதான் இருந்தோம், எஸ்தர் டீச்சரை வேலையை விட்டு நீக்கும்வரை.

ஷமீமா என்று எங்கள் பிரிவில் ஒரு பெண். மேலப்பாளையத்திலிருந்து வருவாள், கணிதம் எடுப்பாள். பிரசவத்துக்கு விடுப்புக் கேட்டபோது, சுயநிதிப் பிரிவில் அந்த வழக்கம் கிடையாது, ராஜினாமா செய்துவிட்டுப் போ, பிள்ளை பிறந்த பிறகு இடம் இருந்தால் பார்ப்போம் என்று சொல்லியனுப்பினார்கள். அவள் கழிவறையில் போய் அழுதுவிட்டு வந்ததைப் பார்த்த எஸ்தர் டீச்சர் நேராக முதல்வர் அறைக்குள் போனார்கள். என்ன பேசினார்கள் என்று எங்களிடம் சொல்லவில்லை. வெளியே வந்து, "சட்டம்னு ஒண்ணு இருக்குல்லா, அத ஞாபகப்படுத்திட்டு வந்தேன்" என்றார்கள். அந்த வாரக் கடைசியில், ஒழுங்கீனம் என்று சொல்லி அவர்களை நீக்கிவிட்டார்கள். ஓய்வுபெறச் சில மாதங்கள்தான் இருந்தன.

வரலாறு சில சமயம் அப்படியே திரும்பி வந்து வாசலில் நிற்கும் போலிருக்கிறது. கதான்ஸ்க் கப்பல் தளத்து வேலைநிறுத்தம் எதற்காகத் தொடங்கியது என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். கிரேன் ஓட்டிய ஒரு பெண்மணியை, ஓய்வுக்குச் சில மாதம் இருக்கையில், வாயை மூடாததற்காக வேலையை விட்டு நீக்கினார்கள். அந்த அம்மாவைத் திரும்ப எடு என்றுதான் ஆயிரக்கணக்கான ஆட்கள் கருவியைக் கீழே வைத்தார்கள். இதை எங்களுக்குச் சொன்னவர் சார். சொல்லும்போது கண் கலங்கும். கைக்குட்டை எடுப்பார்.

அதனால்தான் முட்டாள்தனமாக அவரிடம் போனோம். நிரந்தர ஆசிரியர்கள் ஒருநாள் வகுப்பைப் புறக்கணித்தால் நிர்வாகம் இறங்கி வந்துவிடும். சங்கத் தலைவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"சார், அந்தக் கிரேன் அம்மா கதைதான் சார் இதும்" என்றேன்.

அவர் மடித்திருந்த கையை இறக்கிப் பொத்தான் போட்டுக்கொண்டார். "அப்படி நேரடியாப் பொருத்திப் பாக்கக்கூடாதும்மா. அங்க சூழ்நிலை கனிஞ்சிருந்துச்சு. வரலாறு அவசரப்படாது. முதல்ல ஒரு குழு போடுவோம்."

"எஸ்தர் டீச்சருக்கு இன்னும் ஆறு மாசம்கூட இல்ல சார். குழு எப்ப கூடும்?"

"பாப்போம். பைய பாப்போம்."

நாங்கள் குழுவுக்குக் காத்திருக்கவில்லை. மறுநாள் காலை சுயநிதிப் பிரிவின் பெண்கள் எல்லோரும் கல்லூரி வாசலில் உட்கார்ந்துவிட்டோம். எட்டு மாத வயிற்றோடு ஷமீமாவுக்கு மட்டும் காவலாளி அண்ணாச்சி தன் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். பயமாகத்தான் இருந்தது. எனக்கு முன்னே பின்னே போராட்டம் என்றால் என்னவென்று தெரியாது. தெரிந்ததெல்லாம் போலந்துக் கதைதான். வெயில் ஏறி, யாராவது எழுந்து போய்விடலாம் என்று முனகும்போது, நான் அந்தக் கதையைத்தான் சொன்னேன். டிராமை நடுவழியில் நிறுத்திவிட்டு இறங்கிய பெண் ஓட்டுநரைப் பற்றிச் சொன்னேன். கேட்டுக்கு வெளியிலிருந்து ரொட்டியும் பூவும் கொண்டுவந்து கொடுத்த ஜனங்களைப் பற்றிச் சொன்னேன். சாரைப் போல எனக்குச் சொல்ல வராது. ஆனாலும் யாரும் எழுந்து போகவில்லை.

சார் அன்று எப்படி உள்ளே போனார் என்று கேட்பீர்கள். விடுதிப் பக்கம் சமையல் சாமான் இறக்கும் சின்ன வாசல் ஒன்று உண்டு. அந்த வழியாகப் போனார்.

மூன்றாம் நாள் அவர் முன்வாசலுக்கே வந்தார், உள்ளேயிருந்து. நிர்வாகம் அவரைத் தூது அனுப்பியிருந்தது. ஷமீமாவுக்கு விடுப்பு உண்டு, இனி வரும் பெண்களுக்கும் உண்டு, எல்லோரும் வகுப்புக்குத் திரும்புங்கள். எஸ்தர் டீச்சர் விஷயத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.

"வெற்றிம்மா இது! கேட்டது கிடைச்சாச்சு. அங்கனயும் பேச்சுவார்த்தையிலதான் முடிஞ்சுது. எங்க நிறுத்தணும்னு தெரிஞ்சவன்தான் தலைவன்" என்றார்.

எங்களுக்குள் சலசலப்பு எழுந்தது. ஒன்றிரண்டு பேர் பையைத் தோளில் மாட்டினார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். வீட்டில் கேள்வி கேட்க ஆள் இருந்தது. எஸ்தர் டீச்சரே, "போங்கம்மா, பிள்ளைக்கு வழி பொறந்திருச்சு, அது போதும்" என்றார்கள்.

நாற்காலியில் இருந்த ஷமீமாதான் பேசினாள். அதுவரை அவள் சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை.

"சார், எனக்கு ஒரு சந்தேகம். அங்கயும் மூணாம் நாளு கேட்டதெல்லாம் தாரோம்னாங்க, ஆம்பளையெல்லாம் வீட்டுக்குக் கிளம்பிட்டாங்க, பொம்பளைங்கதான் ஓடிப்போயி கேட்ட இழுத்துச் சாத்துனாங்கன்னு சொன்னிய. மத்த பட்டறைக்காரங்கள நடுத்தெருவுல விட்டுட்டுப் போகாதிய, அவங்களுக்கும் சேர்த்து நில்லுங்கன்னு கத்துனாங்கன்னு சொன்னிய. சொன்னியளா இல்லியா?"

"சொன்னேன். அது வந்து..."

"அப்ப நீங்க இப்ப எந்தப் பக்கம் சார் நிக்கிய?"

அந்தச் சமயத்தில் ஒரு பத்திரிகைக்காரர் கேமராவைத் தூக்க, சார் சட்டென்று திரும்பி எங்கள் நடுவில் நின்று கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

பையை மாட்டியவர்கள் இறக்கி வைத்தார்கள். அடுத்த நாள் வேதியியல் துறை நிரந்தர ஆசிரியர்கள் சிலர், சங்கத் தலைவரைக் கேட்காமலே, வெளியே வந்து எங்களோடு உட்கார்ந்தார்கள். பிறகு தமிழ்த் துறை. தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த வாரம் முடிவதற்குள் எஸ்தர் டீச்சரைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். சார் அந்த நாட்களில் மருத்துவ விடுப்பில் இருந்தார். மாடியில் அவர் நடக்கும் சத்தம் கீழே எங்களுக்குக் கேட்கும். நோயாளி நடை மாதிரி இல்லை. எங்களை வீட்டைக் காலி செய்யச் சொல்வாரோ என்று என் கணவர் பயந்தார். சொல்லவில்லை. அதற்கும் கொஞ்சம் துணிவு வேண்டும்.

பத்திரிகையில் வந்த அந்தப் படத்தைச் சட்டம் போட்டு அவர் கூடத்தில் மாட்டியிருக்கிறார். 'வாசலில் அமர்ந்த பேராசிரியைகளுடன்' என்று கீழே எழுதியிருக்கும். வருகிறவர்களிடம், "நம்ம ஊரு கதான்ஸ்க்" என்பார். "பிள்ளைங்களுக்கு ஒரு பொறி வேண்டியிருந்துச்சு" என்பார். பொய் என்று அதைச் சொல்லிவிடவும் முடியாது என்பதுதான் எரிச்சல். பொறி அவரிடமிருந்துதான் வந்தது. தீப்பெட்டி தான்தான் அடுப்பு எரித்ததாகச் சொல்லிக்கொண்டால் என்ன செய்வது?

இதற்கு அடுத்த வருடம் போலந்திலிருந்து மார்த்தா வந்தாள். தாமிரபரணியின் பழைய அணைக்கட்டுகளையும் கால்வாய்களையும் ஆராய வந்தவள். அம்பாசமுத்திரத்தில் அறை எடுத்துக்கொண்டு தினமும் வரப்பு வரப்பாக அலைந்துகொண்டிருந்தாள். ஐம்பது வயதிருக்கும். முகமெல்லாம் வெயிலில் சிவந்து, கையால் சோறு பிசைந்து சாப்பிடப் பழகிவிட்டிருந்தாள். அவள் சொந்த ஊர் கதான்ஸ்க் என்று யாரோ சாரிடம் சொல்லிவிட்டார்கள். அந்தப் பெண் தப்ப முடியுமா?

வீட்டுக்குச் சாப்பிட அழைத்தார். பேச்சுத்துணைக்கு என்று அவர் மனைவி என்னையும் மேலே கூப்பிட்டுக்கொண்டார்கள். சொதியும் இஞ்சித் துவையலும் பரிமாறி முடிப்பதற்குள் சார் அவள் ஊரின் வரலாற்றை அவளுக்கே சொல்லி முடித்திருந்தார். ஊர்ப் பெயரின் உச்சரிப்பைக்கூட ஒருமுறை திருத்தினார். அவள் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டாள். தன் அப்பா கப்பல் தளத்தில் பற்றவைப்பு வேலை பார்த்தவர் என்று அவள் வாய்தவறிச் சொன்னதுதான் தாமதம், சார் இலையை விட்டு எழுந்தே விட்டார்.

"அப்படியானால் வேலைநிறுத்தத்தில் இருந்திருப்பாரே! வாசலில் நின்றாரா? எந்த இடத்தில்?"

அவள் பேச்சை மாற்றிச் சொதியைப் பற்றிக் கேட்டாள். அவர் விடவில்லை. மறுபடி கேட்டார். அதற்குப் பிறகும் கேட்டார். கடைசியில் அவள் கையை இலையிலேயே வைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்.

"மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டார். வாசலை மூடுவதற்கு முன்னால் கிளம்பியவர்களில் அவரும் ஒருவர். நான் சின்னப் பிள்ளை. அப்பா வந்துவிட்டார் என்று எனக்குச் சந்தோஷம். நிறையப் பேர் பிறகு திரும்பிப் போனார்கள். அவர் போகவில்லை. எங்களை அழைத்துக்கொண்டு கிராமத்தில் மாமா வீட்டுக்குப் போய்விட்டார். எனக்கும் தம்பிக்கும் ஏதாவது ஆகிவிடும் என்று பயம். அதற்குப் பத்து வருடம் முன்னால் வேலைக்குப் போன தொழிலாளர்களை ராணுவம் தெருவில் சுட்டதை அவர் கண்ணால் பார்த்திருக்கிறார். சாகிறவரைக்கும் யாரிடமும் அந்த வேலைநிறுத்தத்தைப் பற்றி அவர் பேசியதே இல்லை. தொலைக்காட்சியில் அதைக் காட்டினால் எழுந்து வெளியே போய்விடுவார்."

சாரின் மனைவிக்கு ஆங்கிலம் அவ்வளவாகத் தெரியாது. ஆனாலும் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, அவள் தோளில் கைவைத்து, இன்னும் கொஞ்சம் சாதம் போட்டார்கள். சார் ஏமாற்றத்தோடு இலையை மூடினார்.

மார்த்தா கிளம்புவதற்கு முன் பாளையங்கோட்டையில் ஒரு சின்ன மண்டபத்தில் அவளுக்குப் பாராட்டுக் கூட்டம் வைத்தார். அவளுக்குப் பாராட்டு, இவருக்குச் சொற்பொழிவு. மாணவர்கள், ஆசிரியர்கள் என்று மண்டபம் நிறைந்திருந்தது. அவள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். தமிழில் பேசுவதை அவள் காதில் ஆங்கிலத்தில் சொல்வதற்காக நான் பக்கத்தில் இருந்தேன். எஸ்தர் டீச்சர் எனக்கு இந்தப் பக்கம்.

அஞ்சலகம் வந்தது. சுடப்பட்டவர்கள் வந்தார்கள். கிரேன் அம்மாள் வந்தாள். நான் சொல்லிக்கொண்டே வந்தேன், மார்த்தா தலையாட்டிக்கொண்டே வந்தாள். பிறகு சார் மேடையின் விளிம்புக்கு வந்து, கையை மடித்துவிட்டு, அவளைச் சுட்டிக் காட்டினார்.

"இதோ இங்க உக்காந்திருக்காங்களே, இவங்க யாரு தெரியுமா? அந்த வாசலைச் சாத்துன நாளுல, முதல் வரிசையில நெஞ்ச நிமித்தி நின்ன ஒரு தொழிலாளியோட மக! பிள்ளைங்க முகத்தக்கூடப் பாக்கப் போகாம, கடைசிவரைக்கும் வாசல்லயே கெடந்த அந்த மனுசன் எங்கிட்ட நேர்ல பேசுன மாதிரி இருக்கு!"

கைதட்டல் கிளம்பியது. பிள்ளைகள் எழுந்து நின்று மார்த்தாவைப் பார்த்துத் தட்டினார்கள். நான் மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டேன். பக்கத்தில் எஸ்தர் டீச்சர், "அடப் பாவி மனுசா" என்றார்கள், கோயிலில் பாடுகிற அதே குரலில்.

எல்லோரும் தன்னையே பார்ப்பதைக் கண்டு மார்த்தா என் பக்கம் குனிந்தாள். "என் அப்பாவைப் பற்றியா சொன்னார்? என்ன சொன்னார்?"

வேறு எதையாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். ஆனால் அவர் சொன்னதை மாற்றாமல் அப்படியே சொன்னேன்.

அவள் கோபப்படுவாள், எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தேன். போக மாட்டாளா என்று ஆசைப்பட்டேன் என்றுகூடச் சொல்லலாம். அவள் மடியில் கிடந்த மாலையைச் சுருட்டிக் கைப்பைக்குள் வைத்தாள். சத்தம் அடங்கிக்கொண்டிருந்தது.

"அப்பா இதைக் கேட்டிருந்தால் எழுந்து வெளியே போயிருப்பார்" என்றாள். பிறகு, "பாவம், உங்கள் பேராசிரியர். அவர் கதையில் எல்லோரும் வாசலிலேயே நிற்கிறார்கள். வீட்டுக்கு ஓடி வந்த ஒருவரையாவது அவருக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்தேன்" என்றாள்.

மேடையில் சார் மறுபடி மறுபடி குனிந்து கும்பிட்டுக்கொண்டிருந்தார்.